கோயிலும் அதன் 'என்வைரன்ஸும்': தால் பூரி வண்டி எங்கே நிற்கலாம்?

கேள்வி:

அன்புள்ள அக்கா, எங்கள் ஊர்க் கோயில் சங்கத்தில் இந்த வருடம்தான் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தைப்பூசக் காவடிக்கான ஏற்பாடு நடக்கும்போது ஓர் அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. காவடி நாளில் கோயிலிலும் அதன் 'என்விரான்ஸி'லும் (environs) தற்காலிகக் கடைகள் போடக் கூடாது என்று அதில் ஒரு வரி. அதைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டச் சொன்னார் தலைவர். எனக்கு இருப்பது பள்ளியில் படித்த தமிழ். "கோயிலிலும் அதன் சுற்றுச்சூழலிலும் கடை வைக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டிவிட்டேன். தமிழ் வாத்தியார் பார்த்துவிட்டு, "காற்றிலயும் தண்ணியிலயும் யாருப்பா கடை வைக்கப் போறாங்க?" என்று சிரித்தார். எங்கள் தோந்தோன் (மாமா) ஒருவர், "அது பிரெஞ்சுச் சொல், ஏறக்குறைய என்று அர்த்தம். கோயிலில் ஏறக்குறையக் கடை வைக்கக் கூடாதாம்" என்கிறார். இதற்கு நடுவில், கோயிலுக்கு எதிரே மூன்று வீடு தள்ளி, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வருடாவருடம் மோட்டார் சைக்கிளில் கண்ணாடிப் பெட்டி கட்டித் தால் பூரி விற்பவர் வந்து, "நான் நிற்கலாமா, கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தச் சொல்லுக்கு என்னதான் அர்த்தம்? எப்படி உச்சரிப்பது? தமிழில் எப்படி எழுதுவது?

மொரீஷியஸின் கத்ர் போர்னிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

தம்பி, வாத்தியார் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. தோந்தோன் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. நீங்கள் எழுதியதும் அகராதியைத் திறக்காமல் கிறுக்கியது இல்லை, ஒரு சொல் தள்ளித் திறந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். 'என்வைரன்ஸ்' என்று தேடப் போனவர் கண்ணில் முதலில் படுவது அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் 'என்வைரன்மென்ட்'. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், ஆனால் பார்க்கிற வேலை வேறு.

உச்சரிப்பை முதலில் முடித்துவிடலாம். நடுவில் இருக்கும் 'வை'யை அழுத்திச் சொல்லுங்கள், என்‑வை‑ரன்ஸ். கடைசி எழுத்து இஸட் போல ஒலிக்கும். முதல் அசையை அழுத்தி 'என்விரன்ஸ்' என்று சொல்வதையும் அகராதிகள் ஏற்றுக்கொள்கின்றன, அதனால் யாராவது அப்படிச் சொன்னால் திருத்தப் போக வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் 'என்விரான்ஸ்' நம் ஊர்க் காது செய்த வேலை. இந்த நாட்டில் சட்டசபையின் மொழி ஆங்கிலம் என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது, உறுப்பினர் விரும்பினால் பிரெஞ்சிலும் பேசலாம் என்று அதே வரி அனுமதியும் கொடுக்கிறது. அலுவலகக் கடிதம் ஆங்கிலத்தில் வரும், அதைப் பிரெஞ்சு மூக்கால் வாசிப்போம், பிறகு நம் பேச்சுமொழியான கிரியோலில் அதைப் பற்றிச் சண்டை போடுவோம். உங்கள் சங்கத்தில் நடந்ததும் அதுதான்.

அர்த்தத்துக்கு வருவோம். பழைய பிரெஞ்சில் 'விரோன்' என்றால் வட்டம், சுற்று. அது 'விரே' என்ற வினையிலிருந்து வந்தது. அந்த 'விரே' உங்களுக்குத் தெரியாத சொல் இல்லை. டாக்சிக்காரரிடம் இடது பக்கம் திரும்பச் சொல்ல கிரியோலில் 'விர் அகோஸ்' என்கிறோமே, அதே விர்தான். காற்று திசை மாறுவதற்கும் வண்டி ஒதுங்குவதற்கும் ஆங்கிலத்தில் 'வீர்' என்கிறார்களே, அதுவும் இதன் உறவு. ஒரு இடத்தை நடுவில் வைத்து ஒரு சுற்று சுற்றி வந்தால் காலில் படுகிற நிலம் எல்லாம் என்வைரன்ஸ். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் இந்தச் சொல்லைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டது. அன்று முதல் இது இடத்தை மட்டும் சொல்கிற சொல். காற்று எப்படி, தண்ணீர் எப்படி, மனநிலை எப்படி என்பதெல்லாம் இதன் கணக்கில் வராது.

தோந்தோன் சொன்ன 'ஏறக்குறைய' எங்கிருந்து வருகிறது? பிரெஞ்சில் 'ஆன்விரோன் ஐம்பது பேர்' என்றால் சுமார் ஐம்பது பேர். அதையே பன்மைப் பெயராக்கி 'லேஸ் ஆன்விரோன்' என்றால் சுற்றுவட்டாரம். 'ஓஸ் ஆன்விரோன் தெ மிதி' என்றால் நண்பகல் வாக்கில். ஆக, அவர்களிடம் ஒரே சொல் இடத்துக்கும் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வேலை செய்கிறது. இதில் அதிசயம் எதுவும் இல்லை, நம்மிடமும் இதே பழக்கம் உண்டு. 'கோயில் கிட்ட' என்கிறோம், 'ஐம்பது பேர் கிட்ட வந்தார்கள்' என்றும் சொல்கிறோம். அந்தக் 'கிட்ட'தான் வளர்ந்து 'கிட்டத்தட்ட' ஆகி உட்கார்ந்திருக்கிறது. தோந்தோனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார். ஆனால் ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது இடத்துக்கான அர்த்தத்தை மட்டும் வைத்துக்கொண்டது. ஐம்பது பேருக்கும் ஐந்து மணிக்கும் ஆங்கிலத்தில் 'அபவுட்' போதும், அங்கே என்வைரன்ஸுக்கு வேலை இல்லை. நம் ஊர்க் கல்யாண மண்டபத்து ஆங்கிலக் கடிதங்களில் 'என்வைரன் 200 கெஸ்ட்ஸ்' என்று நானே பார்த்திருக்கிறேன். அது ஆங்கிலச் சட்டை போட்ட பிரெஞ்சு.

இலக்கணம் கொஞ்சம்தான். இது எப்போதும் பன்மையில் வரும் பெயர்ச்சொல். 'ஒரு என்வைரன்' என்று ஒருமையில் யாரும் எழுதுவதில்லை. அதனால் பின்னால் வரும் வினையும் பன்மையாக இருக்க வேண்டும், 'இஸ்' இல்லை, 'ஆர்'. இன்னொன்று முக்கியம். இந்தச் சொல் தனியாக நிற்காது. எதன் என்வைரன்ஸ் என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். போர்ட் லூயிஸும் அதன் என்வைரன்ஸும், பாம்ப்பிள்மூஸ் தோட்டத்தின் என்வைரன்ஸ், இப்படி நடுவில் பெயர் தெரிந்த இடம் ஒன்று வேண்டும். மனிதரை நடுவில் வைத்து 'என் என்வைரன்ஸ்' என்று எழுதினால் ஒட்டாது. பேச்சிலும் இது அவ்வளவாக வராது. 19ஆம் நூற்றாண்டில் பேடெக்கர் பயணக் கையேடுகள் 'லண்டனும் அதன் என்வைரன்ஸும்' என்று அட்டையில் அச்சிட்டன. அந்தக் கையேட்டு வாசனையும் அரசாங்க வாசனையும் இன்னும் இதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நண்பருக்கு மெசேஜ் அனுப்பும்போது 'அரவுண்ட் ரோஸ் ஹில்' என்றாலே போதும்.

சரி, உங்கள் பலகையில் வந்த சுற்றுச்சூழலுக்கு என்ன குறை? வேரைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. சுற்று என்றாலும் சுற்றி இருப்பது, சூழல் என்றாலும் சூழ்ந்திருப்பது. சொல்லை மட்டும் பிரித்து வைத்தால் நீங்கள் சொன்னது அப்படியே பொருந்தும். ஆனால் தமிழில் அந்தச் சொல்லை என்வைரன்மென்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். 1820களின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து எழுத்தாளர் தாமஸ் கார்லைல் 'உம்கேபுங்' என்ற ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக என்வைரன்மென்ட் என்று எழுதினார். ஓர் உயிரையோ மனிதரையோ சுற்றி இருந்து அவரை உருவாக்குகிற நிலைமைகள் எல்லாம் சேர்ந்தது என்ற அர்த்தம் அப்படித்தான் ஊன்றியது. காற்று, நீர், மண், காடு என்று நாம் இன்று பேசும் அர்த்தம் அதற்கும் பின்னால் வந்தது. இங்கே 2002இல் வந்த என்வைரன்மென்ட் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழில் சொன்னால் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம்தான். இப்போது யார் காதில் சுற்றுச்சூழல் என்று விழுந்தாலும் குப்பையும் புகையும் பவளப் பாறையும்தான் ஞாபகம் வரும். அதனால்தான் வாத்தியார் காற்றுக்கும் தண்ணீருக்கும் போனார்.

இந்த வேறுபாடு எனக்கு மறக்க முடியாதபடி பதிந்தது 2020இல். அந்த ஜூலை 25ஆம் தேதி வகாஷியோ கப்பல் புவான்ட் தெஸ்னிக்கு எதிரே பாறைத் திட்டில் ஏறி நின்றது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிய ஆரம்பித்து ஆயிரம் டன் அளவுக்குக் கடலில் கலந்தது. மாஹேபூர் கரையில் ஜனங்கள் கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்துத் தைத்து மிதவை செய்து தண்ணீரில் விட்டார்கள். முழங்கை வரை கறுப்பு, கிணற்றுச் சேறு மாதிரி இல்லை, துடைத்தால் இழுபடுகிற கறுப்பு. அந்த நாட்களில் என்னிடம் மொழிபெயர்க்க வந்த தாள்களில் இரண்டு சொல்லும் மாறி மாறி வந்தன. டீசல் நாற்றம் மாஹேபூரிலும் அதன் என்வைரன்ஸிலும் வீசியது என்று ஒரு வரி. கடற்கரை என்வைரன்மென்ட் பாதிக்கப்பட்டது என்று அடுத்த வரி. முதலாவது, நாற்றம் எங்கெங்கே வீசியது என்று சொல்கிறது. அந்த இடங்களுக்குப் போக வேண்டுமானால் பஸ் ஏறலாம். இரண்டாவது, எது கெட்டுப்போனது என்று சொல்கிறது. அதற்குப் பஸ் கிடையாது. ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் போடுவது என்று தடுமாறும்போதெல்லாம் நான் இதைத்தான் கேட்டுக்கொள்கிறேன்: இங்கே பேச்சு 'எங்கே' என்பதைப் பற்றியா, 'எப்படி இருக்கிறது' என்பதைப் பற்றியா?

தமிழில் என்ன எழுதுவது என்பதுதான் உங்கள் கேள்வியிலேயே கனமான பகுதி. ஆங்கிலத்துக்கு ஒரு என்வைரன்ஸ் போதும், நமக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் சொல் வரும். நடுவில் நகரம் இருந்தால் சுற்றுவட்டாரம். சென்னையிலும் சுற்றுவட்டாரப் பகுதிகளிலும் மழை என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். போர்ட் லூயிஸ் நடுவில் என்றால் பாய், சேன்ட் க்ருவா என்கிற ஊர்கள் எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வந்துவிடும். நடுவில் கிராமம் இருந்தால் சுற்றுப்பட்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள், 'அந்தச் சுற்றுப்பட்டிலேயே அவரைப் போல மேளக்காரர் கிடையாது' என்கிற மாதிரி. இந்தச் சொல் இங்கே மங்கிக்கொண்டு வருகிறது, எனக்கு அது ஒரு வருத்தம். வீடு நடுவில் என்றால் அக்கம்பக்கம். கோட்டை மதிலுக்கு வெளியே ஒட்டியிருந்த குடியிருப்பைப் பழந்தமிழில் புறஞ்சேரி என்றார்கள். கண்ணகியும் கோவலனும் மதுரைக்குள் நுழையும் முன் தங்கியது அங்கேதான். இன்றைக்கு நகரத்தின் ஓரத்துக்குப் புறநகர் என்கிறோம், ஆனால் அது ஆங்கிலத்தில் 'சபர்ப்', என்வைரன்ஸில் ஒரு பகுதி மட்டுமே. சுற்றுப்புறம் எதற்கும் பொருந்தும் பொதுச் சொல். அதில் எனக்குள்ள ஒரே தயக்கம், 'சுற்றுப்புறத்தைச் சுத்தமாக வைத்திருங்கள்' என்று பள்ளிச் சுவரில் எழுதி எழுதி அதற்கும் கொஞ்சம் துடைப்பக்கட்டை வாசனை வந்துவிட்டது.

நடுவில் கோயில் இருந்தால்? இங்கே கவனம் வேண்டும். கோயிலுக்கு மதில் இருக்கிறது. மதிலுக்கு உள்ளே இருப்பது பிராகாரம், வளாகம். அதற்கு ஆங்கிலத்தில் வேறு சொல் உண்டு, 'ப்ரீசிங்க்ட்ஸ்'. கடிதத்தில் அது இல்லை, என்வைரன்ஸ்தான் இருக்கிறது. அதனால் மதிலுக்கு வெளியே கோயிலைச் சுற்றியிருக்கும் தெருக்களையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இதில் நானும் ஒரு தடவை அடி வாங்கியிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுற்றறிக்கையைத் தமிழாக்கினேன். பள்ளியிலும் என்வைரன்ஸிலும் காலை வேளையில் வண்டி நிறுத்தக் கூடாது என்பது விஷயம். 'பள்ளி வளாகத்தில்' என்று எழுதிவிட்டேன், வாக்கியம் அழகாக வந்தது என்று பெருமை வேறு. மறுநாள் காலை பள்ளி வாசலுக்கு வெளியே இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றன. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: "வளாகத்துக்குள்ளதான கூடாதுன்னு போட்டிருக்கு?" அதற்குப் பிறகு அந்தச் சொல்லை நான் கை கழுவாமல் தொடுவதில்லை.

'விசினிடி' என்று இன்னொரு சொல் அடிக்கடி வரும், அதையும் கையோடு சொல்லிவிடுகிறேன். அது லத்தீனில் அண்டை வீட்டுக்காரரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, பிரெஞ்சு 'வ்வாஸன்' அதன் பிள்ளை. விசினிடிக்குப் பக்கத்தில் இருந்தால் போதும், ஒரு பக்கமாக இருந்தாலும் சரி. என்வைரன்ஸ் நாலு பக்கமும் கேட்கும். உங்கள் காரியத்துக்கு இதற்கு மேல் வேண்டாம்.

அப்புறம், உண்மையான சிக்கல் மொழியில் இல்லை தம்பி, தூரத்தில் இருக்கிறது. என்வைரன்ஸுக்கு எல்லைக்கோடு கிடையாது. நூறு மீட்டரா, ஒரு கிலோமீட்டரா என்று அந்தச் சொல்லைப் பிழிந்தாலும் வராது. போர்ட் லூயிஸில் ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய துறையான ஆப்ரவாசி காட்டை (Aapravasi Ghat) எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அந்த இடம் 1,640 சதுர மீட்டர்தான். அதைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் என்று ஒரு பகுதியை வரைபடத்திலேயே கோடு போட்டுக் குறித்திருக்கிறார்கள். அந்த வளையத்துக்குள் ஒருவர் மாடி எழுப்ப நினைத்தால் தன் வீடு கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். 'ஆப்ரவாசி காட்டும் அதன் என்வைரன்ஸும்' என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் யாரைப் போய்க் கேட்பார்? உங்களுக்கு வந்த கடிதத்தில் கோடு இல்லை. வசதிக்காகப் போட்டார்களா, அசட்டையா, எனக்குத் தெரியாது. எதுவானாலும் அந்தக் கோட்டை நீங்கள் தமிழில் போடக் கூடாது. அவர்கள் விட்ட இடத்தை மொழிபெயர்ப்பாளர் நிரப்பினால், நாளைக்கு அபராதம் வரும்போது எல்லா விரலும் உங்கள் பலகையைத்தான் காட்டும்.

அதனால் இரண்டு காரியம் செய்யுங்கள். முதலில் அந்த அலுவலகத்துக்கு ஆங்கிலத்தில் நாலே வரியில் கடிதம் எழுதுங்கள். கடிதத்தின் தேதியும் எண்ணும் போட்டு, 'என்வைரன்ஸ்' என்று நீங்கள் குறிப்பிட்டிருப்பது எந்தெந்தத் தெரு, எந்த முனையிலிருந்து எந்த முனை வரை, காலை எத்தனை மணியிலிருந்து இரவு எத்தனை மணி வரை என்று கேளுங்கள். தற்காலிகக் கடை என்பதில் சக்கரத்தில் வருகிற வண்டியும் அடங்குமா என்பதையும் கேட்டுவிடுங்கள். காவடி இறக்கியதும் சங்கமே வாழையிலை போட்டு ஏழு கறி பரிமாறுவது கடையா இல்லையா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கடைசி நேரத்தில் யாராவது அதைக் கிளப்புவார்கள். வாய்மொழியாகப் பதில் வந்தால் தலையாட்டிவிட்டு, எழுத்திலும் தரச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அந்தப் பழைய தாளை இன்றைக்கே கிழித்துவிட்டு இப்படி எழுதி ஒட்டுங்கள்: "தைப்பூசக் காவடி நாளன்று கோயிலுக்குள்ளும் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களிலும் தற்காலிகக் கடைகள் போடக் கூடாது. எந்தெந்தத் தெருக்கள் என்பதை அலுவலகத்தில் கேட்டிருக்கிறோம். பதில் வந்ததும் இங்கே அறிவிக்கிறோம்." கவனித்தீர்களா, 'மற்றும்' போடவில்லை, 'அதன்' என்றும் போடவில்லை. கோயிலும் தெருவும் 'உம்'மிலேயே சேர்ந்துகொள்ளும். 'மற்றும் அதன் சுற்றுப்புறங்கள்' என்று எழுதினால் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாசிக்கும்போதே ஆங்கிலக் கடிதத்தின் முகம் தெரியும். ஊர்ப் பலகைக்குத் தெரு என்ற சொல்லே மேல், எல்லோருக்கும் புரியும். வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தாக, பெரியவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி எழுதுங்கள். கீழே பிரெஞ்சிலும் ஒரு வரி போட்டால் தோந்தோன் சமாதானம் ஆவார். அதில் 'ஆன்விரோன்' வேண்டாம், 'லே ரூ ஓத்தூர் து கோவில்' என்று இருக்கட்டும்.

தால் பூரிக்காரர் விஷயம். எதிரே, மூன்று வீடு தள்ளி என்கிறீர்கள். யார் எப்படி அளந்தாலும் அது கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் வந்துவிடும் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆனால் பஸ் நிறுத்தம் இருக்கிற சாலை அலுவலகத்தின் பட்டியலில் வருமா, வராதா என்பது அவர்கள் பதிலில்தான் இருக்கிறது. அதுவரை அவரிடம் 'நிற்கலாம்' என்றும் சொல்லாதீர்கள், 'கூடாது' என்றும் சொல்லாதீர்கள். "கேட்டு எழுதியிருக்கோம், காவடிக்கு முந்தின வாரம் வந்து பாருங்க" என்று சொல்லுங்கள். 'கூடாது' என்று பதில் வந்தால், காவடி அன்றைக்கு அவர் வேறு எங்கே நிற்கப் போகிறார் என்று பலகையிலேயே ஓரமாக எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தக் கேள்விக்கும் நீங்கள்தான் நாள் முழுக்கப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.